நகரமும் நேரமும் – 19: காலை ஐந்தரைக்கு வரும் நள்ளிரவு

சென்ற இதழில் கதையை 1906 ஜனவரி 1-ல் நிறுத்தியிருந்தேன். இந்தியாவின் பொது நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே என்று அன்று நிலைபெற்றது. அதுவரை நாட்டின் ரயில்களை நடத்திவந்த மெட்ராஸ் நேரம் ஓய்வு பெற்றது. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தோடு அந்த நேரமும் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போகவில்லை. இன்றும் ஆழ்வார்பேட்டையில் ஏதோ ஓர் அலுவலகத்தின் பின்னறையில், ஏசிக் குளிரில் இரைந்துகொண்டிருக்கும் லினக்ஸ் சர்வருக்குள் அது பத்திரமாக இருக்கிறது.

எங்கே என்று கேட்டால், நேர மண்டலக் கோப்பில். உலகின் எந்த ஊரில் எந்த ஆண்டு கடிகாரம் என்ன காட்டியது என்பதைத் தொகுத்துவைத்திருக்கும் தரவு இது. 1980-களில் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய வேலை. பால் எகர்ட் தொடர்ந்து பராமரிக்கிறார். 2011-லிருந்து ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. இந்தியாவுக்கு அதில் ஒரே பதிவுதான், ‘ஆசியா/கொல்கத்தா’. அதைத் திறந்து பழைய வரிகளைப் படித்தால், 1870 தொடங்கி 1905 முடிய கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே என்றும், அதன் சுருக்கப் பெயர் எம்எம்டி என்றும் இருக்கும். அது மெட்ராஸ் நேரம். நம் நூல்கள் பெரும்பாலும் 5:21:14 என்று சொல்லும். நான்கு நொடிக்காகச் சண்டை போட வேண்டாம். அட்டையில் கொல்கத்தாவின் பெயர், உள்ளே முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மெட்ராஸ் ராஜ்ஜியம் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அதற்கடுத்த வரிகளில் இரண்டாம் உலகப் போர் வருகிறது: 1941 அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, 1942-ல் சில மாதம் பழையபடி வைத்தது, மறுபடி தள்ளியது, 1945 அக்டோபர் 15-ல் ஒருவழியாக ஐந்தரைக்கே திரும்பியது. எல்லாம் இரண்டு மூன்று வரிக்குள்.

இந்தக் கோப்பைத் தினமும் கேட்டு நடக்கும் ஒரு நிரல்தான் இந்த இதழின் நாயகன். பெயர் கிரான். கணினித் துறையில் இருக்கும் எவரையும் கேளுங்கள்: “நைட் ரெண்டு மணிக்கு ஒரு கிரான் போட்டிருக்கேன்” என்பார்கள். யாரும் உட்கார்ந்து பொத்தானை அழுத்தாமல், சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையை சர்வர் தானே செய்வதற்கு எழுதிவைக்கும் ஏற்பாடு. பேக்கப் எடுப்பது, கணக்கை முடிப்பது, நினைவூட்டல் அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். எழுதுவது சுலபம், ஒரு வரி. அந்த வரியில் இரண்டு கேள்விகள் மட்டும் எழுதப்படாமலே நின்றுவிடும். மணி என்றால் யாருடைய மணி? அந்த நேரத்தில் வேலை நடக்காமல் போனால் பிறகு என்ன? மெட்ராஸ் நேரத்தின் காலத்தில் ரயில்வே அதிகாரிகளைப் படுத்திய அதே இரண்டு கேள்விகள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் கிரான் அடைந்த வளர்ச்சி முழுவதும் இந்த இரண்டுக்கும் பதில் தேடியதுதான் என்பது என் கட்சி.

முதலில் இது இல்லாத காலம். 1973-ல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 வந்து இறங்கியது. மேற்கு ஜெர்மனி உதவிய வளாகத்தில் அமெரிக்க இயந்திரம். துளையிட்ட அட்டைக் கட்டை கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முறை வரும்போது ஓடும். தாளில் அச்சாகி வரும் விடையை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எது முன்னால், எது பின்னால், எது ராத்திரிக்கு என்பதெல்லாம் ஆபரேட்டர் கையில். நேரம் என்பது மனிதரின் பொறுப்பாக இருந்தது.

அந்தப் பொறுப்பை நிரலிடம் ஒப்படைத்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார். அவர்கள் 1979-ல் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் கிரான் இருந்தது. கூடவே ‘அட்’ என்ற கட்டளையும் இருந்தது. கிரான் மறுபடி மறுபடி வரும் வேலைக்கு. அட் ஒரே ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிட வேண்டிய வேலைக்கு. பார்க்கச் சகோதரர்கள் போல இருந்தாலும் உண்மையில் இரண்டாமவர் முதலாமவரின் தோளில் உட்கார்ந்திருந்தார். அட் கட்டளைக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. அதில் பதிந்த வேலைகளைப் பார்க்க ‘அட்ரன்’ என்று ஒரு குட்டி நிரல். அதைக் குறித்த இடைவெளியில் தட்டி எழுப்புவது கிரான். கிரான் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுப்பும் என்றால் 3:01-க்குச் சொன்ன வேலை 3:10-க்கு நடக்கும். ஒரு முறை மட்டும் நடப்பதற்கும், திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றை நம்ப வேண்டியிருந்தது. இன்றைய லினக்ஸில் அட் தனிக்குடித்தனம் வந்துவிட்டது. மணியை எண்ணில் சொல்லத் தேவையில்லை. ‘நூன்’, ‘மிட்நைட்’ என்றால் புரிந்துகொள்ளும். ‘டீடைம்’ என்று எழுதினாலும் ஏற்கும், மாலை 4 மணி என்று எடுத்துக்கொள்ளும். காபி நேரத்துக்கு வழியில்லை. ஆழ்வார்பேட்டைக்காரர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை போலிருக்கிறது.

ஏழாம் பதிப்பின் கிரான் எளிய ஜீவன். தெருவில் கோலைத் தட்டிக்கொண்டு போகும் கூர்க்காவைப் போல, நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பட்டியலைப் பார்க்கும், நேரம் வந்த வேலையை ஓட்டிவிடும், திரும்பத் தூங்கும். இயந்திரம் முழுவதற்கும் ஒரே பட்டியல், அதுவும் நிர்வாகியின் பட்டியல். ஆளுக்கொரு பட்டியல் வேண்டும் என்ற ஆசை வந்தபோது சிக்கல் தொடங்கியது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரே வேக்ஸ் இயந்திரத்தை நூறு பேர் பகிர்ந்துகொண்டார்கள். நிமிடத்துக்கு நூறு பட்டியல்களைப் புரட்டினால் இயந்திரத்துக்கு வேறு வேலை செய்யப் பொழுது ஏது? அங்கே ஆய்வு மாணவராக இருந்த ராபர்ட் பிரவுன், ஃபிராண்டா, மாலி இருவரும் 1977-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார். கட்டுரை கிரானைப் பற்றியதே அல்ல. நிகழ்வுகளைக் கணினியில் போலியாக நடத்திப் பார்க்கும் துறையைப் பற்றியது. வரப்போகும் நிகழ்வுகளை வரிசைப்படுத்தி வைக்கும் உத்தி ஒன்று அதில் இருந்தது. பிரவுன் அதைக் கிரானுக்குக் கொண்டுவந்தார். எல்லா வேலைகளையும் வரப்போகும் நேரப்படி வரிசையில் நிறுத்து. முதல் ஆளின் நேரம் வரும்வரை நிம்மதியாகத் தூங்கு. எழுந்து அவன் வேலையை முடித்து, அவனுடைய அடுத்த முறையைக் கணக்கிட்டு வரிசையில் உரிய இடத்தில் செருகு. நிமிடத்துக்கு நிமிடம் விழிக்கும் காவல் முடிந்து, தேவைக்கு மட்டும் விழிக்கும் காவல் வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது. அடுத்த துறைக்காரர் எழுதியதைப் படிக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

1987-ல் பால் விக்ஸி என்பவர் தாமாகவே ஒரு கிரானை எழுதி இலவசமாக வெளியிட்டார். 1993 இறுதியில் வந்த அதன் மூன்றாம் பதிப்புதான், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, பல லினக்ஸ் வகைகளில் இன்றும் ஓடுகிறது. அதே எண்பதுகளில் எர்நெட் என்ற கல்வி வலைப்பின்னல் தொடங்கியது. சென்னை ஐஐடி அதன் எட்டுத் தொடக்க உறுப்பினர்களில் ஒன்று. அந்தக் காலத்து மின்னஞ்சல் உலகெங்கும் யூயூசிபி என்ற முறையில் போகும்: ஓர் இயந்திரம் இன்னொன்றுக்கு போன் போட்டு, சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுத்து வாங்கி, வைத்துவிடும். போன் கட்டணம் குறையும் ராத்திரி நேரமாகப் பார்த்து அந்த அழைப்பைக் கிளப்பிவிடும் வேலையைக் கிரானிடம்தான் கொடுத்திருந்தார்கள். எஸ்டிடி பூத் வாசலில் கால்வாசிக் கட்டணத்துக்காக இரவில் காத்துக்கிடந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஆழ்வார்பேட்டைக்கு வருவோம். டிடிகே சாலையிலிருந்து பிரியும் ஏதோ ஒரு குறுக்குத் தெருவில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்துக்கொள்வது சிரமமே இல்லை. அந்த வட்டாரத்தில் கல்லெறிந்தால் ஆடிட்டர் போர்டில்தான் விழும். தேதிகளாலேயே ஆன தொழில் அது. டிடிஎஸ் கட்ட மாதம் 7, ஜிஎஸ்டியில் விற்பனை விவரத்துக்கு 11, மூன்று-பி படிவத்துக்கு 20. அட்வான்ஸ் டாக்ஸுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15. கட்சிக்காரர்களுக்கு ஐந்து நாள் முன்னால் நினைவூட்டல் போக வேண்டும். கிரான் பட்டியலில் ஒரு வரிக்கு ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை; நட்சத்திரக் குறி போட்டால் ‘எதுவானாலும் சரி’.

0 9 10 3,6,9,12 *

அவ்வளவுதான். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10-ம் தேதி காலை 9 மணிக்கு, யார் லீவில் போனாலும், நினைவூட்டல் கிளம்பிவிடும். அரசு திடீரென்று கடைசித் தேதியைத் தள்ளிவைத்தால் அந்த ஒரு முறைக்கு அட். மாறும் தேதிக்காகக் கிரான் வரியைத் திருத்திவிட்டு, மறுமாதம் பழையபடி மாற்ற மறப்பது இந்தத் தொழிலில் தொன்றுதொட்டு வரும் வியாதி.

அடுத்தது, இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பர் 1 முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. அன்று ஒரு வேலை தனியாக ஓட வேண்டும். இரண்டாம் சனி என்றால் 8-க்கும் 14-க்கும் இடையில்தானே வரும்? ஆகவே புதிதாகச் சேர்ந்த பையன் தேதிக் கட்டத்தில் 8-14, கிழமைக் கட்டத்தில் 6 என்று போடுவான். பார்க்க அறிவாளித்தனமாக இருக்கும். நடப்பது வேறு: 8-லிருந்து 14 வரை எல்லா நாளும் ஓடும், போதாததற்கு மாதத்தின் எல்லாச் சனிக்கிழமையும் ஓடும். மற்றக் கட்டங்களெல்லாம் ‘இதுவும் அதுவும்’ என்று சேரும்போது, தேதியும் கிழமையும் மட்டும் ‘இதுவோ அதுவோ’ என்று சேரும் என்பது விதி. யூனிக்ஸ் பெரியவர்கள் ஏதோ ஒரு வசதிக்காக அப்படி வைத்தார்கள், தரநிர்ணயத்திலும் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் மோசமான முடிவு. தேதிக் கட்டத்தை மட்டும் போட்டு, இன்று சனிதானா என்று வேலைக்குள்ளேயே சோதித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

யாருடைய மணி என்ற கேள்வி பெரிதானது, பின்னறை சர்வர் மேகத்துக்குப் போனபோது. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் வழக்கமாக யூடிசி நேரத்திலேயே வந்து இறங்கும். பழைய கிரீனிச் நேரத்தின் வாரிசு அது. அதில் நள்ளிரவு 12 என்று எழுதினால் ஆழ்வார்பேட்டையில் காலை ஐந்தரை. நாள் கணக்கை முடிக்க வேண்டிய வேலை, பால் பாக்கெட் வாசலுக்கு வந்த பிறகு ஓடும். சரி, ஐந்தரையைக் கழித்து 18:30 என்று போட்டால் போச்சு என்பீர்கள். தினசரி வேலைக்கு அது சரி. மாதம் 1-ம் தேதி இரவு 12:10-க்கு ஓட வேண்டிய வேலையை எப்படி எழுதுவீர்கள்? நமக்கு 1-ம் தேதி பிறந்து பத்து நிமிடம் ஆகும்போது யூடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள், மாலை 18:40. அந்தக் கடைசி நாள் 28-ஆ, 29-ஆ, 30-ஆ, 31-ஆ? ‘மாதக் கடைசி’ என்று சொல்லக் கிரானில் குறி கிடையாது. 28-லிருந்து 31 வரை நான்கு நாளும் எழுப்பி, “சென்னையில் இப்போது தேதி ஒன்றா?” என்று வேலையையே கேட்கச் செய்து, இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். சில கிரான்களில் பட்டியலின் தலையிலேயே ஊர் நேரத்தைக் குறிப்பிட்டுவிடலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பழைய கிரானுக்கு அந்தப் பாஷை புரியாது.

நல்லவேளை, நம் கடிகாரம் 1945-க்குப் பிறகு அசையவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளின் சர்வர்களைச் சென்னையிலிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்ச்சில் ஒரு ஞாயிறு, நவம்பரில் ஒரு ஞாயிறு, அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகரும். இங்கே கேப் வரும் நேரம் மாறும்.

அக்கரையில் நடந்தது இன்னும் விசேஷம். 1996-ல் மின் பற்றாக்குறை கடுமையானபோது, மே 25 அன்று இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கியது; அக்டோபர் 26-ல் அரை மணி குறைத்து ஆறு ஆக்கியது. புலிகள் இதை ஏற்கவில்லை. அவர்கள் பகுதியில் பழைய ஐந்தரையே நீடித்தது. பத்தாண்டுகள் ஒரே தீவில் இரண்டு நேரம். 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், அரசும் ஐந்தரைக்குத் திரும்பியது. இரவு 12:30 ஆனதும் கடிகாரம் மறுபடி 12:00. கொழும்பில் ஒரு சர்வரில் 12:10-க்கு ஒரு வேலை இருந்தால் அன்றைக்கு இரண்டு முறை 12:10 வருகிறது. அந்த வேலை வட்டி போடும் வேலை என்றால்? பிற்காலக் கிரான்களில் இதற்கு ஏற்பாடு உண்டு: கடிகாரம் மூன்று மணி நேரத்துக்குள் பின்வாங்கினால், நடந்த வேலையை மறுபடி நடத்தாது, முன்னே தாவினால், தாவலில் விழுங்கப்பட்ட வேலைகளை உடனே ஓட்டிவிடும். ஆனால் முன்பே சொன்ன நேர மண்டலக் கோப்பைப் புதுப்பிக்காத சர்வருக்கு, கடிகாரம் மாறியதே தெரியாது. அரசு மாற்றிய நேரத்தைக் கோப்பில் யாரோ ஒருவர் எழுதி, அது எல்லா இயந்திரத்துக்கும் போய்ச்சேர வேண்டும்.

வேலை நடக்காமல் போனால் பிறகு என்ன என்ற இரண்டாவது கேள்விக்கான பாடம் நமக்கு மின்வெட்டிலும் புயலிலும் கிடைத்தது. 2012-ல் சென்னைக்கே தினம் இரண்டு மணி நேர அறிவிக்கப்பட்ட மின்வெட்டு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. அட்வான்ஸ் டாக்ஸின் டிசம்பர் தவணைக்கு அப்போது மூன்று நாள்தான் பாக்கி. யூபிஎஸ் எத்தனை மணி தாங்கும்? நின்றுபோன சர்வர் மறுபடி எழும்போது கிரான் கடந்ததைத் திரும்பிப் பார்க்காது. ராத்திரி 2 மணி போய்விட்டதா, அடுத்தது நாளை ராத்திரி 2 மணிதான். தூங்கிக் கழித்த நேரத்துக்கு அதனிடம் கணக்கில்லை. இதற்காகவே அனாக்ரான் என்று ஒன்று தொண்ணூறுகளில் வந்தது. அது மணியையே பார்ப்பதில்லை. இந்த வேலை கடைசியாக ஓடிய தேதி எது என்று மட்டும் எழுதிவைத்துக்கொள்ளும். இயந்திரம் எழுந்ததும், உரிய நாள் கடந்திருந்தால் கொஞ்சம் பொறுத்து ஓட்டிவிடும். பேக்கப்புக்கு உகந்தது. “உங்கள் கூட்டம் இன்று 3 மணிக்கு” என்ற நினைவூட்டலை நான்கு நாள் கழித்து அனுப்பினால்தான் சங்கடம். எது தாமதமாக நடந்தாலும் பரவாயில்லை, எது தாமதமானால் நடக்கவே கூடாது என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. இன்று பல லினக்ஸ்களில் கிரானின் இடத்தைப் பிடித்துவரும் சிஸ்டம்டி டைமர்களிலும், தவறியதைப் பிடித்து ஓட்டுவதா வேண்டாமா என்று நாம்தான் வேலைக்கு வேலை எழுத வேண்டும்.

எல்லோரும் முழு மணியையே விரும்புவது இன்னொரு தொல்லை. காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு தட்கல் திறக்கும்போது என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏசி இல்லாத வகுப்பை 11 மணிக்கு என்று 2015-ல் பிரித்ததே நெரிசலுக்குப் பயந்துதான். சர்வருக்குள்ளும் அதே கதை. எல்லா வேலையும் 0 0 என்று நள்ளிரவில் குவிந்தால் இயந்திரம் திணறும். 12:17, 2:43 என்று கோணல்மாணலாக நேரம் வைத்திருப்பவரைப் பார்த்தால் அனுபவஸ்தர் என்று புரிந்துகொள்ளுங்கள். நாட்டுக்கே பெரிய அளவில் இதைச் செய்துகாட்டியது ரிசர்வ் வங்கி. பகலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நெஃப்ட் பணப்பரிமாற்றம், 2019 டிசம்பர் 16 முதல் இரவும் பகலும், விடுமுறையிலும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக நாளொன்றுக்கு 48 முறை நடக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து 11:05-க்கு அனுப்பிய பணம் எதற்காகவோ காத்திருக்கிறதே என்று தோன்றினால், அது அடுத்த தொகுப்புக்காகக் காத்திருக்கிறது.

கடைசியாக, இந்தக் கடிகாரம் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்ற விஷயம். யூனிக்ஸ் வழி இயந்திரங்கள் நேரத்தை 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. சென்னையில் அது மார்கழி மாதத்து வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தரை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை நடக்கும் வேளை. அந்த எண்ணிக்கையை 32 பிட் இடத்தில் வைத்திருக்கும் பழைய இயந்திரங்களில் 2038 ஜனவரி 19 அன்று இடம் தீர்ந்துவிடும். ஆழ்வார்பேட்டைக் கணக்கில் செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அதற்கடுத்த நொடியை அந்த இயந்திரம் 1901 என்று படிக்கும். 1901-ல் நம் நேரம் 5:21:10 என்று நேர மண்டலக் கோப்பு சொல்கிறதே, அதுவும் சேர்ந்துகொள்ளும். 32 பிட் இயந்திரங்களுக்கான திருத்தம் 2020-ல் வந்த லினக்ஸ் 5.6-லேயே வந்துவிட்டது. ஆனால் லிஃப்டுகளிலும் மீட்டர்களிலும் பழைய ரவுட்டர்களிலும் உட்கார்ந்திருப்பவை அவ்வளவு சுலபமாகப் புதுப்பிக்கக்கூடியவை அல்ல. அவற்றைப் பற்றி அடுத்த இதழில்.